ஏணியும் சல்லடையும்

எருமை, ஆடு, ஓட்டைக்குடம், பன்னாடை.

வாத்தியார் கோபத்தில் திட்டுகிற லிஸ்ட் மாதிரி இருக்கிறது, இல்லையா? நம் தாத்தாவுக்குப் பாடம் சொன்னவர் முதல் தெருமுனை டியூஷன் மாஸ்டர் வரை பலர் வாயில் புரண்ட சொற்கள்தான். ஆனால் இது திட்டு அல்ல, இலக்கணம்! சுமார் 800 வருஷத்துக்கு முன்னால் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் மாணவர்களை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார். முதல் தரம் அன்னமும் பசுவும். அன்னம் தண்ணீரை விட்டுப் பாலை எடுக்கும். பசு வயிறு நிறைய மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்து அசைபோடும். நடுத்தரம் மண்ணும் கிளியும். கடைசித் தரம்தான் மேலே சொன்ன நான்கு. ஊற்றியதை எல்லாம் ஒழுகவிடும் குடம். இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று நுனிப்புல் மேயும் ஆடு. குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை. அப்புறம் 'நெய்யரி', அதாவது நெய் வடிகட்டுகிற பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதை மேடையில் சொன்னால் நன்றாகக் கைதட்டு விழும். பட்டிமன்றக்காரர்களுக்கு அல்வா. ஆனால் அதே பாயிரத்தில், இந்தத் தரப் பட்டியலுக்குச் சற்று முன்னால், பாடம் சொல்லும் முறை என்று ஒரு பாட்டு இருக்கிறது. இடமும் காலமும் பார்த்து, சொல்லப்போவதை முதலில் தன் மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு, அவசரப்படாமல், கோபப்படாமல், முகமலர்ச்சியோடு, கேட்கிறவன் எந்த வழியாக வாங்கிக்கொள்வான் என்று அறிந்து அவன் உள்ளத்தில் இறங்குகிற மாதிரி கொடுக்க வேண்டும் என்கிறது அது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆசிரியரின் கடமை. அதற்குப் பிறகுதான் மாணவனின் தரம்.

இந்த எட்டு நூற்றாண்டில் நாம் ஆசிரியருக்குச் சொன்னதை மறந்துவிட்டு மாணவனுக்கு வைத்த பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். யார் பன்னாடை என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு பவணந்தியோடு இன்னொரு வழக்கும் உண்டு. மண் ஏன் நடுத்தரம்? உழுதவன் உழைப்புக்குத் தக்கபடி விளையுமாம், அதனால் நடுத்தரமாம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும். அங்கிருந்து வடக்கே சாயர்புரம் பக்கம் போனால் செம்மணல் தேரியும் பனையும். நடுவில் அப்படி ஒன்றும் தூரமில்லை. பெய்கிற மழையும் ஒன்றுதான். தேரியில் யாரும் நெல்லை விதைத்துவிட்டு, 'இந்த மண்ணுக்கு மண்டையில ஏறலைய்யா' என்று அலுத்துக்கொள்வதில்லை. பனை வைத்தான், கருப்பட்டி எடுத்தான். விவசாயிக்குத் தெரிந்த இந்தச் சங்கதி நம் பள்ளிக்கூடங்களுக்கு ஏன் இத்தனை வருஷம் தெரியவில்லை என்பதுதான் இந்த வாரம் பேச்சு.

தெரியாமல் இல்லை என்பதுதான் வேடிக்கை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. பிள்ளை எந்த விஜயதசமியில் சேர்ந்ததோ அன்றைக்கு அதன் கணக்கு தொடங்கும். மணலில் 'அ' எழுதுகிற பொடியனும், எண்சுவடி ஒப்பிக்கிறவனும், ஓலையில் எழுத்தாணி பிடிக்கிறவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தன் பாடம் இன்னொருத்தனுக்குக் கிடையாது. மூத்த பையன் சட்டாம்பிள்ளை. இளையதுகளுக்கு அவன் சொல்லிக்கொடுப்பான். ரொம்ப உருகிவிடாதீர்கள். பிரம்பும் உண்டு, கோதண்டம் போடுவதும் உண்டு. யார் பிள்ளை திண்ணையில் ஏறலாம், யார் பிள்ளை தெருவிலேயே வரக்கூடாது என்கிற கணக்கும் உண்டு. அந்தப் பழம்பெருமை எனக்கு வேண்டாம். ஆனால் 'ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் வேகம்' என்ற ஒரே ஒரு நல்ல காரியம் அங்கே இருந்தது.

1789ல் சென்னை எழும்பூரில் ராணுவக்காரர்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்த வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அக்கம்பக்கத்துத் திண்ணையில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அசந்து போனார். தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். இருந்த ஆசிரியர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சரி போங்கள் என்று எட்டு வயசுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தார். நடந்தது. 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்று உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833ல் அவர் பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நம்ம ஊர்க்காரர்கள் அங்கே போனால் போர்டு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அங்கே போய்ப் பிரபலமானது எது தெரியுமோ? சட்டாம்பிள்ளை! ஒரே ஒரு சம்பளக்கார வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம் என்கிற சிக்கனம். தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த இங்கிலாந்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. திண்ணையின் ஆளுக்கொரு வேகம் கப்பல் ஏறவில்லை. அப்புறம் அங்கிருந்து நமக்குத் திரும்பி வந்தது மணி, பெஞ்சு, வகுப்பு, இன்ஸ்பெக்டர். 1860களில் மதராஸ் மாகாணத்தில் எத்தனை பையன்கள் தேறினார்களோ அதற்குத் தக்கபடி பள்ளிக்கு மானியம் என்று ஒரு முறையே இருந்தது. தேறாத பையன் பள்ளிக்கு நஷ்டம். நஷ்டக் கணக்கில் எழுதப்பட்ட பையனை வாத்தியார் வேறு எப்படிக் கூப்பிடுவார்? எருமைதான்.

தனித்தனிப் பிள்ளைக்குத் தனித்தனிப் பாடம் என்றதும் படித்தவர்கள் எல்லோரும் 'டோட்டோ சான்' என்பார்கள். தெட்சுகோ குரோயாநாகி 1981ல் ஜப்பானில் எழுதிய புத்தகம். தமிழிலும் வந்து நிறையப் பேர் படித்து, நிறைய ஆசிரியர்கள் அழுது, நிறையப் பேர் பரிசாகக் கொடுத்த புத்தகம். ரயில் பெட்டியில் வகுப்பு. காலையில் அன்றைய பாடங்களை எல்லாம் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். உனக்குப் பிடித்ததிலிருந்து ஆரம்பி. ஒரு மூலையில் பெளதிகச் சோதனை, இன்னொரு மூலையில் கட்டுரை. எந்தப் பிள்ளைக்கு எதில் ஆசை, எதில் தயக்கம் என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவில் வளர்ச்சி நின்றுபோன உடம்போடு இருக்கும் தகாஹாஷி என்ற பையன் எல்லாப் போட்டியிலும் முதலில் வருவான். போட்டிகளை அப்படி அமைத்திருப்பார் தலைமையாசிரியர் கோபயாஷி. உசரமானவர்கள் குனிந்து திணறுகிற இடத்தில் அவன் சரசரவென்று போய்விடுவான். பாவம் பார்த்து ஆறுதல் பரிசு கொடுக்கிறவர்கள் அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

எனக்கும் பிடித்த புத்தகம். ஆனால் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பள்ளியில் மொத்தம் 50 பிள்ளைகள்தான். நடத்தியவர் மேதை. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. அதாவது மனசை உருக்கும், பின்பற்ற வழி சொல்லாது. நம்ம ஆட்கள் அதைப் படித்துவிட்டு, 'ஆஹா, ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்' என்று பெருமூச்சு விட்டுவிட்டு மறுநாள் காலையில் பழையபடி போர்டில் எழுதிப்போட்டு 'எல்லாரும் பார்த்து எழுதுங்கல' என்பார்கள். இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது குஜராத்தில் ஜிஜுபாய் பதேகா 1932ல் எழுதிய 'பகல் கனவு'. அதில் வருகிற வாத்தியார் நான்காம் வகுப்பைக் கேட்டு வாங்கி, பிரமாதமாகத் திட்டம் போட்டு, முதல் நாள் 'அமைதி விளையாட்டு' என்று ஆரம்பிப்பார். பிள்ளைகள் கூச்சல் போட்டு அவரை ஓட ஓட விரட்டிவிடுவார்கள்! அவர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மறுநாள் கதையோடு வருவார். பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றுவது என்பது இப்படித் தோற்று, மறுநாள் வேறு மாதிரி செய்து பார்ப்பதுதான்.

சரி, ஜப்பானும் குஜராத்தும் இருக்கட்டும். இந்தக் காரியத்தைத் தமிழ்நாடு சும்மா 50 பிள்ளைக்கு அல்ல, சுமார் 37,000 பள்ளிகளில் செய்து பார்த்திருக்கிறது. செயல்வழிக் கற்றல் ஞாபகமிருக்கிறதா? ஏ.பி.எல். என்றால் சட்டென்று தெரியும்.

விதை ஆந்திராவில், மதனப்பள்ளி பக்கத்திலுள்ள ரிஷிவேலியில் விழுந்தது. ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் ஒருத்தரே எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு 1980களில் அங்கே கண்டுபிடித்த விடை, பாடப்புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்குவது. 2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் இதைப் பிடித்துக்கொண்டார். மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பி, முதலில் 13 பள்ளிகள். பிறகு மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளும். அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநில இயக்குநர் ஆனதும் 2007-08ல் தமிழ்நாடு முழுக்க.

அந்த வகுப்பறைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு அது பள்ளிக்கூடம் மாதிரியே தெரியாது. பெஞ்சு இல்லை, பாய். பிள்ளை எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவரவர் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகைப் பதிவைப் பிள்ளையே போட்டுக்கொள்ளும். சுவரில் ஒரு ஏணிப்படம். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஒரு எண். பிள்ளை தன் படி எது என்று பார்த்து, தட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். புதுசாகக் கற்கிறதென்றால் ஆசிரியர் இருக்கும் குழு. பழகுகிறதென்றால் கூடப் படிக்கிற பிள்ளை துணை. கொஞ்சம் தேறியிருந்தால் தானே செய்வது. கடைசியில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அட்டை. முடித்தால் அடுத்த படி. 'எல்லாரும் பக்கம் 32 எடுங்க' என்ற குரலே கிடையாது.

ஏரலைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். ரொம்பப் புகழ்வாரோ, ரொம்பத் திட்டுவாரோ என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்தார்.

"நல்லதச் சொல்லுதேன் கேளுங்க சார். பனையேறி வீட்டுப் பய ஒருத்தன். பங்குனி பொறந்தா அப்பா அம்மாகூடக் காட்டுக்குப் போயிருவான். விடிலிலதான் சோறு, விடிலிலதான் தூக்கம். பதநீர் சீசன் முடிஞ்சு ஆடிலதான் திரும்ப வருவான். முந்தில்லாம் அவன் வரும்போது கிளாஸ் எங்கேயோ போயிருக்கும். பேந்தப் பேந்த முழிப்பான். ரெண்டு நாள் வருவான், மூணாம் நாள் வரமாட்டான். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முடிஞ்சுது அவனுக்கு. ஏ.பி.எல். வந்த பிறகு வந்தான் பாத்துக்கிடுங்க. வந்தவன் நேரா ஏணிகிட்டப் போனான். விரல வச்சு 'இதுலதான் டீச்சர் விட்டேன்'னான். அட்டைய எடுத்தான், உக்காந்தான். ஒருத்தரும் அவனை ஏன்னு கேக்கல."

விடிலி என்பது பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக்குடிசை. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பையனுக்காக அட்டை நாலு மாசம் காத்திருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாடப்புத்தகம் யாருக்கும் காத்திருக்காது. ஜூனில் கிளம்பினால் ஏப்ரலில்தான் நிற்கும். ஏறாதவன் ஏறாதவன்தான். மஞ்சள் காமாலையில் படுத்தவன், தங்கச்சிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவள், அப்பாவோடு வேலைக்குப் போனவன் என்று எல்லோருக்கும் ஒரே தண்டனை. இந்த ஏணி அந்தத் தண்டனையை ரத்து செய்தது. செயல்வழிக் கற்றலைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் (நான் சொல்லத்தான் போகிறேன்) இந்த ஒன்றுக்காக அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

"கெட்டதையும் சொல்லுங்க டீச்சர்."

"அது கிடக்கு ஒரு வண்டி! பார்வைக்கு வந்த ஒரு ஆபீசர், நான் நாலு பிள்ளைய உக்காத்தி வச்சுக் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன், 'என்ன டீச்சர் நீங்க பேசுறீங்க, இது ஏ.பி.எல். கிளாஸ்லா?'ங்கார். நான் என்ன சார் செய்ய? அட்டை வாய் தெறந்து கதை சொல்லுமா? இன்னொரு பய, அட்டைல வாழப்பழம் படம் போட்டு மூணும் நாலும் கூட்டுன்னு இருக்கு, முழிக்கான். அவங்க அப்பா வாழைத்தார் சுமக்கவரு. 'ஏல, ஒரு தார்ல எட்டுச் சீப்பு, சீப்புக்குப் பதினாலு காய், மொத்தம் எத்தன?'ன்னேன். கண்ணை மூடிக்கிட்டு ஏதோ முணுமுணுத்தான். நூத்திப் பன்னெண்டுன்னான்! கூட்டல் படியில நிக்கவன் பெருக்கல் சொல்லுதான். அவன் எந்தப் படின்னு நான் ரிஜிஸ்டர்ல எழுத?"

இந்தக் கேள்விக்குச் சென்னையில் யாரிடமும் பதில் இருந்திருக்காது. ஏணி ஒரே ஒரு ஏணிதான். ஆளுக்கொரு வேகம் உண்டு, ஆளுக்கொரு வழி கிடையாது. வாழைத்தார் வழியாகக் கணக்குக்குள் வருகிறவன் அட்டை வழியாக வரமாட்டான் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சைத்தான் ஆபீசர் நிறுத்தச் சொன்னார்!

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகட்டும் என்று சொல்ல வந்த திட்டம், ஒவ்வொரு ஆசிரியரும் தன் வேகத்தில் போக விடவில்லை. 13 பள்ளிகளில் ஆசிரியர்கள் தாங்களே அட்டை எழுதி, ஒட்டி, சண்டை போட்டு, திருத்திச் செய்த காரியம் அது. மாநிலம் முழுக்கப் போனபோது ஒரே கல்வியாண்டில், ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரிப் பயிற்சி, ஒரே மாதிரிப் பாய். பிடித்த ஆசிரியருக்கும் புரியாத ஆசிரியருக்கும் தேரிக்கும் வயலுக்கும் ஒரே உத்தரவு. பெற்றோர்களிடம் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. "புத்தகம் இல்ல, வீட்டுப்பாடம் இல்ல, பாய்ல உக்காந்து வெளையாடிட்டு வாரான்" என்று சொல்லிவிட்டு, கடன் வாங்கியாவது பிள்ளையை டையும் ஷூவும் மாட்டி வேன் ஏற்றினார்கள். வேனில் போன பிள்ளை வேறொரு பள்ளியில் பக்கம் 32ஐ எடுத்தது.

அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. 2012-13ல் முப்பருவ முறை வந்து, எளிமைப்படுத்தப்பட்ட ஏ.பி.எல். என்று பெயர் மாறி, புத்தகம் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்தது. பிறகு புதிய பாடத்திட்டம். ஏணி மெல்ல மெல்லச் சுவரிலிருந்து இறங்கிப்போனது. அதற்கு ஒரு இரங்கல் கூட்டம்கூட நடக்கவில்லை.

அடுத்தது கொரோனா. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி. மாலை நேரத்தில் தெருவிலேயே ஒரு அக்கா, இருபது பிள்ளைகள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ என்ற பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை நேரில் சோதித்துப் பார்த்ததில், பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்வாசி இந்தத் தெரு வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தெருவில் உள்ள அக்காவுக்குப் பிள்ளையின் பெயரோடு வீடும் தெரியும். அமெரிக்காவின் பெஞ்சமின் புளூம் 1984லேயே, தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் சராசரிப் பிள்ளை வழக்கமான வகுப்பில் 100க்கு 98 பேரைத் தாண்டிவிடும் என்று எழுதினார். அவ்வளவு பெரிய தாவல் இல்லை என்று பின்னால் வந்தவர்கள் குறைத்தார்களே தவிர, தாவலே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த வருஷம் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பாட்டு, பொம்மை, பயிற்சி நூல் எல்லாம் உண்டு. முதலில் ஒரு சோதனை வைத்து, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். எருமை, ஆடு, ஓட்டைக்குடத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் பாருங்கள்! பெயர் வைத்தவருக்கு நல்ல மனசு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு எழுத்து தெரியவில்லை என்பதை ஒளித்து மறைக்காமல் ஒத்துக்கொண்டு, அங்கிருந்தே தொடங்குவது பெரிய நேர்மை. ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து அரும்புப் புத்தகத்தை வைத்திருப்பதன் அர்த்தம் அவர்களுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை. பாண்டியனின் முத்துத் துறைமுகம். இந்தக் கடற்கரையில் முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, துளை பெரிசு முதல் சிறிசு வரை. முதல் சல்லடையில் தங்குவது ராஜாவுக்கு. கடைசியில் விழுவது 'தூள்'. அதையும் வீணாக்க மாட்டார்கள், மருந்துக்குப் போகும். தூத்துக்குடியில் 1961ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. சல்லடை மட்டும் எப்படியோ கல்வித்துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம். முத்து ஒரு தடவை சலித்தால் அதே அளவில் கிடக்கும், நாளைக்கு வளராது. பிள்ளை அப்படியா? போன மாசம் சலித்ததில் அரும்பில் விழுந்தவள் இந்த மாசம் மொட்டைத் தாண்டியிருப்பாள். அதைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும்.

நேரம் எங்கே போகிறது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். மொபைலில். வருகை, மதிப்பீடு, காலணி, சைக்கிள், ரத்த வகை என்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதற்காகவே தெருவில் இறங்கின. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஃபோனில் கேள்வி காட்டி, அது விரலால் தொட்டு, சர்வர் சுற்றி, திரும்பவும் தொட்டு... முப்பது பிள்ளைக்கு இது முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது 2009ன் கல்வி உரிமைச் சட்டம். தொடக்கப் பள்ளியில் வகுப்பு ஐந்து. ஒருத்தர் பயிற்சிக்கோ, வாக்காளர் பட்டியலுக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருத்தர். அவரிடம் போய், 'மேடம், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்பப் பாடத்தை மாற்றுங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்புவது என்னைப் பொறுத்தவரை ஏமாற்று வேலை.

சினிமாவும் இதில் நமக்கு உதவவில்லை. தமிழ்ப் படத்து வாத்தியார் ஹீரோ வில்லனை அடிப்பார், வசனம் பேசுவார், கடைசியில் ரிசல்ட் வரும். ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லித்தருகிற காட்சி எனக்கு ஞாபகத்தில் இல்லை. 2007ல் இந்தியில் வந்த 'தாரே ஜமீன் பர்'தான் அதைக் காட்டியது. எழுத்துகள் நடனமாடித் தெரிகிற பையனுக்கு ஆமிர்கான் களிமண்ணில் எழுத்து பிடிக்கச் சொல்வார், படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்குப் போடச் சொல்வார், மணலில் எழுதச் சொல்வார். ஆமாம், மணலில்! எழும்பூர்ப் பாதிரியார் பார்த்து அசந்த அதே மணல். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு விரல் நுனி வழியாக எழுத்தை ஏற்றுவதற்கு இன்றைக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் மணல் தட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறப்புப் பயிற்றுநர்களோ ஒப்பந்தச் சம்பளத்தில் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். ஒரு பிள்ளையை அவர் திரும்பப் பார்ப்பதற்குள் மணலில் எழுதியது கலைந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18ல் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஏரல் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது, பாலத்துச் சாலை அடித்துக்கொண்டு போனது. கடைத்தெரு முழுக்கச் சேறு. அரையாண்டுத் தேர்வுச் சமயம். தேர்வைத் தள்ளி வைத்தார்கள், போன புத்தகங்களுக்குப் பதிலாகப் புதுசு கொடுத்தார்கள். அரசு செய்ய வேண்டியதைச் செய்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் நடக்க வேண்டியது வகுப்பறையில். மாடியில் நின்று ராத்திரி முழுக்கத் தண்ணீரைப் பார்த்த பிள்ளையும், வீடு நனையாத பிள்ளையும் ஜனவரியில் ஒரே பாயில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே கேள்வித்தாள்.

டீச்சர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். இருந்தாலும் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைத் திண்ணையில் கூட்டி வைத்துக்கொண்டாராம். புத்தகத்தைத் திறக்கவில்லை. "உங்க வீட்டுல எந்தப் படி வரைக்கும் தண்ணி வந்துச்சுல?" என்று கேட்டாராம். அதுவரை வாயே திறக்காத ஒரு சின்னவள் எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்துக் காட்டினாள். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேற்றுக் கறை இருந்த உயரத்தை அடிக்குச்சியால் அளந்து வந்தார்கள். சென்டிமீட்டராக மாற்றினார்கள். யார் வீட்டில் அதிகம், யார் வீட்டில் குறைவு, எவ்வளவு வித்தியாசம் என்று கழித்தார்கள். மூன்றாம் வகுப்பு அளந்தது, ஐந்தாம் வகுப்பு சராசரி எடுத்தது, எழுத்து தெரியாத ஒன்றாம் வகுப்பு படம் வரைந்தது.

"அந்தச் சின்னப்பிள்ள கணக்கு மட்டும் தப்பா வந்துச்சு சார்" என்றார் டீச்சர். "ரெண்டு மட்டம் அளந்திருந்தா. ஒண்ணு சுவத்துல இருந்த கறை. இன்னொண்ணு அவ தம்பிய அவங்கப்பா தூக்கிப் பிடிச்சிருந்த உசரமாம். ரெண்டையும் கழிச்சு, மிச்சத்த எழுதிக் கொண்டாந்து காட்டுனா. நான் சரின்னு டிக் போட்டுட்டேன்."